நிறைகோலும் நிரந்தரமும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டு எழுதியபொழுது, விடுதிச் சாலையையும் விளையாட்டு மைதானத்தையும் மறைந்த ஆசிரியப் பெருந்தகைகளையும் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். ஆயினும் அவற்றை என்னினும் இனிமையாக எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதுவர். இக்கல்லூரியிலே பயின்று, ஆசிரியத் தொழிலையே மேற்கொண்டு, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளை வெண்கட்டித் தூளிலே கழித்தவன் நான். ஆதலின் என் தொழிலைப் பற்றிய ஒரு வினாவையே இங்கு எடுத்துக்கொள்கின்றேன்.

வினாவை எழுப்பியவர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்த நண்பர். இன்று கொழும்பிலே சிறந்த வணிகர். சென்ற ஆண்டு பழைய மாணவர் சங்க இராப்போசனத்தின்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மச்சான், என்ரை கடையிலை வேலை செய்யாதவனை மாத முடிவிலை நிப்பாட்டிப் போடுவன். உங்களை மட்டும் அறுபது வயது மட்டும் ஒருத்தரும் அசைக்கேலாது. இது என்ன நியாயம்?" மேசையில் இருந்தோர் எல்லாரும் நகைத்தனர், நானும் நகைத்தேன். வீடு திரும்பிய பின்னரே, அது நகைத்துவிடக்கூடிய வினா அன்று என்பது தோன்றிற்று. அன்று கூறாத விடையை இன்று கூற முயல்கின்றேன்.

என் தந்தையின் தந்தையார் ஒரு சட்டம்பியார். அரசாங்க உதவிநன்கொடை பெற்று நடந்த ஒரு கிராமத் தமிழ்ப் பாடசாலையிலே பன்னிரண்டு ஆண்டுகள் கற்பித்தவர். அக்காலத்து உதவிநன்கொடைப் பாடசாலைகளிலே சம்பளப் பணம் அரசாங்கத்தினுடையது. ஆனால் ஆசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் பாடசாலை முகாமையாளரின் கையில் இருந்தன. 'மனேச்சர்' என்றே ஊரார் அவரை அழைப்பர். 1957ஆம் ஆண்டு நடந்த கிராமச் சங்கத் தேர்தலிலே பாட்டனார் தமக்குச் சரியெனப் பட்ட ஒருவருக்காக ஒரு மாலைக் கூட்டத்திலே பேசினார். மனேச்சரின் உறவினர் தோற்றார். தவணை முடிவிலே பாட்டனாருக்கு ஒரு கடிதம் வந்தது. அடுத்த தவணை முதல் அவருடைய சேவை வேண்டப்படவில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. குற்றம் கூறப்படவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. அக்கடிதத்தை அவர் தம் பெட்டகத்திலே சால்வைக்கு அடியில் வைத்திருந்தார். சிறுவனாக இருந்தபொழுது நான் அதனைக் கண்டிருக்கின்றேன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இடப்பெயர்வின்போது பெட்டகத்தோடு அதுவும் போயிற்று.

பின்வந்த ஐந்து ஆண்டுகளும் பாட்டனார் புகையிலைத் தோட்டத்திலே துலா மிதித்தார். அது இழிவன்று, எங்கள் குடும்பம் தோட்டக்காரக் குடும்பமே. ஆனால் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் வேலியோரம் நின்று "வணக்கம் ஐயா" என்று சொல்லும்போது அவர் தலை நிமிர்த்துவதில்லையாம். என் தந்தையார் அதனைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் பேச்சை நடுவிலே நிறுத்திவிடுவார்.

மனேச்சர்மார் எல்லாரும் அத்தகையர் என்று கூறின் அது நன்றியறியாமையாகும். நம் மூதாதையர் நிலமும் பணமும் ஈந்து பாடசாலைகளைக் கட்டியபொழுது, அவற்றைத் தம் பிள்ளைகள்போல வளர்த்த முகாமையாளர் பலர் இருந்தனர். திறமை கண்டு ஆசிரியரைத் தேடி வீட்டுக்கே சென்று அழைத்து வந்தவர்கள் அவர்கள். எனினும் ஒரு முறைமையை அதன் நல்லோரைக் கொண்டு மட்டும் அளத்தல் தகாது. நல்லவர் கையில் அவ்வதிகாரம் பாடசாலையை வளர்த்தது. அல்லாதார் கையில் ஆசிரியனின் நாவைக் கட்டியது. எவர் கையில் அஃது இருக்கும் என்பதை ஆசிரியன் அறிந்துகொள்ள வழி இருக்கவில்லை.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிநன்கொடைப் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை அரசாங்கத்தின் முகாமைக்குக் கொணர்ந்தன. அதனால் நம்மவர் அடைந்த நன்மை தீமைகளை ஆராய இஃது இடமன்று. ஆசிரியனைப் பொறுத்தவரை ஒன்று நிகழ்ந்தது. ஒருவருடைய விருப்பு வெறுப்பினால் ஒரே நாளில் வேலை இழக்கும் நிலை நீங்கிற்று. பாட்டனாருக்கு 1962இலே தூரத்து ஊர் ஒன்றில் மீண்டும் வேலை கிடைத்தது. எல்லாரும் மகிழ்ந்தபொழுது அவர் சொன்னாராம்: "மனேச்சர் போட்டார், இனி எம்.பி. வருவார்." அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்க ஐம்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

இனி என் கதை. உயர்தரப் பரீட்சை முடித்த பின், 2001ஆம் ஆண்டு முதல் குடாநாட்டின் ஒரு சிறு பாடசாலையிலே தொண்டர் ஆசிரியனாகக் கற்பித்தேன். போர்க் காலத்திலே ஆசிரியர் இல்லாத வகுப்புகளைத் தாங்கியவர்கள் தொண்டர் ஆசிரியர்களே என்பது வடக்கிலும் கிழக்கிலும் எல்லாரும் அறிந்தது. நியமனக் கடிதம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, நாளை வரவேண்டாமென்றால் ஏனென்று கேட்க உரிமையும் இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மாதந்தோறும் 1500 ரூபா தந்தது.

2003ஆம் ஆண்டு இறுதித் தவணையிலே எட்டாம் வகுப்பின் தமிழ்ப் பாடப் பரிசு ஒரு பெண் பிள்ளைக்கு உரியதாயிற்று. அவள் தந்தையார் கூலி வேலை செய்பவர். அவளுக்கு அடுத்தபடியாக நின்ற மாணவன் சங்கத்திலே செல்வாக்குள்ள ஒருவரின் மகன். இருவருக்கும் இடையே ஐந்து புள்ளிகள். அதிபர் என்னை அழைத்து, மேசையைப் பார்த்தபடியே, "தம்பி, உமக்குச் சங்கத்தாலைதான் காசு வருகுது. வாய்மொழிப் புள்ளியை இன்னொருக்காப் பாரும்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். சங்கம் மனம் மாறினால் மூன்று தொண்டர் ஆசிரியர்கள் வீட்டுக்குப் போவார்கள். மூன்று வகுப்புகள் வெறுமையாகும். அந்த அச்சத்தினாலேயே அவர் சொன்னார்.

நான் இன்னொரு முறை பார்த்தேன். பையனுக்கு ஆறு புள்ளிகளைக் கூட்டினேன். பேனா கனக்கவில்லை; கை நடுங்கவில்லை; அரை நிமிட வேலை. பரிசளிப்பு விழாவிலே அப்பிள்ளை மூன்றாம் வரிசையில் இருந்து கைதட்டினாள். அதன்பின் எத்தனையோ விழாக்களில் இருந்துவிட்டேன். அக்கைதட்டல் மட்டும் இன்னும் காதை விட்டு நீங்கவில்லை.

தமிழ் ஆசிரியர்கள் பயிற்சிக் காலத்திலே நன்னூற் பொதுப்பாயிரத்தைத் தவறாது கற்பர். பவணந்தி முனிவர் நல்லாசிரியனுக்கு உவமையாகக் கூறும் பொருள்கள் நான்கு: நிலம், மலை, நிறைகோல், மலர். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலே இப்பகுதியை விரிவுரையாளர் விளக்கியபொழுது, மற்றை மூன்றும் என் செவியில் ஏறவில்லை. நிறைகோல் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். நிறைகோல் ஐயம் அறுத்து உண்மை காட்டுவது. இரு தட்டுக்கும் நடுவே நிற்பது. ஆனால் கோலைப் பிடித்திருக்கும் கையை ஒருவன் பற்றி அசைத்தால் கோல் என்ன செய்யும்? அன்று என் கையை அசைத்தவர் அதிபரும் அல்லர், சங்கத்தவரும் அல்லர். 1500 ரூபாவே அசைத்தது.

2005ஆம் ஆண்டு எனக்கு அரசாங்க நியமனம் கிடைத்தது. பயிற்சி முடித்து, சேவையில் உறுதிப்படுத்தும் கடிதத்தை 2010இலே பெற்றேன். அக்கடிதத்தை மனைவி சுவாமி அறையிலே வைத்தாள். இரண்டு ஆண்டுகளின் பின், தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு எங்கள் பாடசாலையிலிருந்து அனுப்பவேண்டிய மாணவனைத் தெரிவுசெய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. செல்வாக்குள்ள ஒருவர், தாம் குறிக்கும் பிள்ளையை அனுப்புமாறு ஆள் மூலம் சொல்லியனுப்பினார். இம்முறை நான் இணங்கவில்லை. இதனை என் வீரமாகக் கூறவில்லை. 2003இல் இருந்த மனிதனே 2012இலும் இருந்தான். நெஞ்சுரம் ஒரு சிறிதும் கூடவில்லை. கூடியது சுவாமி அறையிலிருந்த ஒரு கடிதம் மட்டுமே.

ஆறு மாதத்துள் 'சேவையின் தேவை கருதி' தீவுப்பகுதிப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றப்பட்டேன். முன்னதற்கும் பின்னதற்கும் தொடர்பு உண்டோ என்பதை நான் அறியேன். ஊர் மட்டும் அறிந்ததுபோலப் பேசிற்று. அதிகாலையிலே பஸ் ஏறி, வள்ளத்துக்குக் காத்துநின்று போய்வந்த அந்த மூன்று ஆண்டுகளிலேதான் பாட்டனாரின் சொல் எனக்கு விளங்கிற்று. நிரந்தரம் என்பது பதவிக்கு உண்டு, இடத்துக்கு இல்லை. நீக்க இயலாதவனை நகர்த்தலாம். ஆயினும் ஒன்று: என் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. பாட்டனார் துலா மிதித்தார்; நான் வள்ளம் ஏறினேன். இரண்டு தலைமுறைக்குள் ஆசிரியன் பெற்ற முன்னேற்றத்தின் அளவு அதுவே.

அந்த அளவும் எக்காலத்தும் நிலைத்ததென்று கூறவியலாது. 1980ஆம் ஆண்டு யூலை மாத வேலைநிறுத்தத்தின்பின் ஏறத்தாழ 40,000 ஊழியர் வேலை இழந்தனர். அவருட் பெருந்தொகையினர் நிரந்தரக் கடிதம் வைத்திருந்த அரச ஊழியரே. கடிதம் ஒரு வேலி, மதில் அன்று.

நிற்க. இதுவரை என் நண்பருக்கு மாறாகவே எழுதிவிட்டேன். அவர் பக்கத்திலும் உண்மை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அதற்குச் சான்றும் நானே.

தீவிலிருந்து திரும்பிய பின் சில ஆண்டுகள் மனம் சலித்துப்போயிற்று. பழைய பாடக் குறிப்புகளையே எடுத்துச்சென்று சொல்லி எழுதுவித்தேன். 2018ஆம் ஆண்டு ஒருநாள், பத்தாம் வகுப்பிலே பின்வாங்கு மாணவன் ஒருவன் எழுதாது இருப்பதைக் கண்டு, "ஏன் தம்பி எழுதேல்லை?" என்று அதட்டினேன். அவன் எழுந்து நின்று, குறும்பு ஒரு சிறிதும் இன்றி, "சேர், அண்ணாவின்ரை கொப்பி என்னட்டை இருக்கு. ஒரு சொல்லும் மாறேல்லை" என்றான். வகுப்பு நகைத்தது. அவன் தமையன் என்னிடம் படித்தது நான்கு ஆண்டுகளுக்கு முன். அன்றிரவு அந்தக் குறிப்புகளைக் கிழித்தெறிந்தேன். ஆனால் நான்கு ஆண்டுகளாக என்னை எவரும் கேட்கவில்லை என்பதும், கேளாமல் இருந்ததற்கு அதே நிரந்தரக் கடிதமே காரணம் என்பதும் மறுக்கவொண்ணாதவை. கடை நண்பரின் ஊழியன் ஒருவன் நான்கு மாதமேனும் அவ்வாறு இருந்திருக்க முடியாது.

அங்ஙனமாயின் நண்பர் கூறுவதே சரியோ? தனியார் கல்வி நிலையங்களைச் சுட்டிக் காட்டுவாரும் உளர். அங்கே கற்பிப்பவருக்கு எவ்வித நிரந்தரமும் இல்லை. மாணவர் விலகினால் அவர் வருவாயும் விலகும். ஆதலின் அவர் உழைக்கின்றார் என்பர். உண்மையே. ஆனால் அங்கே வருவோர் பணம் கொடுத்து, விரும்பி வருவோர். பரீட்சையில் வரும் பகுதியைக் கற்பித்தால் அவர் கடமை முடிந்தது. பசியோடு வந்து பின்வாங்கிலே உறங்கும் பிள்ளை அவருடைய கணக்கில் இல்லை. மேலும் அவர் எவருக்கும் பரிசு கொடுப்பதில்லை, வகுப்பேற்றுவதில்லை, நன்னடத்தைச் சான்று எழுதுவதில்லை. கற்பித்தலோடு தீர்ப்பளித்தலும் பாடசாலை ஆசிரியனின் வேலை. கடைக்காரனுடைய ஊழியன் முதலாளி சொற்படி விலை குறைத்தல் முறையே. பிறர் சொற்படி புள்ளி கூட்டும் ஆசிரியனோ தொழிலையே விற்றவனாவான். நீதிபதிக்குப் பதவிக் காப்பு ஏன் என்று எவரும் கேட்பதில்லை. ஆசிரியனும் நாள்தோறும் சிறு தீர்ப்புகள் வழங்குபவனே. அவன் முன் நிற்பவர்களுக்கோ மேன்முறையீடும் இல்லை.

இவ்வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே நியூஜெர்சி மாநிலம் 1909ஆம் ஆண்டிலேயே பொதுப்பாடசாலை ஆசிரியருக்குப் பதவிக் காப்புச் சட்டம் இயற்றிற்று. நூறு ஆண்டுகளின் பின், 2011இலே புளோரிடா மாநிலம் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தமே போதுமென்று விதித்தது. கலிபோர்னியாவிலே ஆசிரியர் பதவிக் காப்பு மாணவர் உரிமையைப் பாதிக்கின்றதென்று 2014இல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2016இல் மேல் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் தேதி பரிசிலே கூடிய பல நாட்டுப் பிரதிநிதிகள் ஆசிரியர் தகுதிநிலை பற்றி ஒரு விதந்துரையை ஏற்றனர். பதவிக் காப்பு ஆசிரியனுக்கு மட்டுமன்றிக் கல்விக்கும் இன்றியமையாததென்பது அதன் கருத்து. அதே விதந்துரை தகுதிகாண் காலத்தையும் வற்புறுத்துகின்றது. என் நண்பரும் நானும் சேர்ந்து கையொப்பம் இடக்கூடிய இடம் அதுவென்று தோன்றுகின்றது.

நாவலர் பெருமானுக்கு எவர் பதவிக் காப்புக் கொடுத்தார் என்று சிலர் கேட்பர். அவர் வெசிலியன் மிசன் பாடசாலைப் பதவியைத் தாமே துறந்து, 1848இலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். ஆனால் அவர் இல்லறம் ஏற்காதவர்; தம் வாழ்வு முழுவதையும் அதற்கே கொடுத்தவர். ஒரு நூற்றாண்டில் ஒருவர் தோன்றுவதை வைத்து ஆயிரக்கணக்கான ஆசிரியருக்கு விதி செய்தல் இயலாது. மனைவி மக்களோடு வாழும் நடுத்தர மனிதன் நடுநிலை பிறழாதிருக்க எது வேண்டும் என்பதே கேள்வி.

என் முடிபு இது. ஆசிரியனுக்குப் பதவி நிரந்தரம் வேண்டும். ஆனால் அது எளிதிற் கிடைத்தலும் கூடாது, கிடைத்தபின் உறங்க விடுதலும் கூடாது. தகுதிகாண் காலம் இன்று பெரும்பாலும் நாட்காட்டி கழியும் காலமாகவே உள்ளது. அக்காலத்திலே மூத்த ஆசிரியர் ஒருவர் தவணைதோறும் வகுப்பிலே வந்திருந்து பார்த்து, குறைகளைச் சொல்லி, தகாதவரை அப்பொழுதே வேறு தொழிலுக்கு அனுப்பிவிடுதல் அவருக்கும் பிள்ளைகளுக்கும் நன்று. நிரந்தரமான பின்னும் வகுப்பறைக் கதவு மூடப்படலாகாது. அதிபரோ பணிப்பாளரோ வந்து பார்ப்பதைக் குற்றங்காண் வருகையாக நாம் கருதும் வழக்கத்தை விடல் வேண்டும். அந்தக் கொப்பிப் பையன் என்னைக் கேட்ட கேள்வியை அவர்கள் கேட்டிருக்க வேண்டும். நீக்குவதாயின் குற்றம் எழுதிக் கொடுத்து, விசாரணை நடத்தி, விடை கேட்டே நீக்குக. இடமாற்றத்துக்கும் அவ்விதியே ஆகுக. காரணம் எழுதாத இடமாற்றம் மனேச்சரின் கடிதத்துக்கு உடன்பிறப்பு. இவை ஒருங்கே அமையுமாயின் நண்பர் அஞ்சும் சோம்பலும் நான் அஞ்சும் அச்சமும் ஒருவாறு குறையும்.

முடிக்குமுன் இன்னும் ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு பெண் தன் மகனோடு வந்தாள். பெயரைச் சொன்னவுடன் அறிந்துகொண்டேன்; எட்டாம் வகுப்பின் மூன்றாம் வரிசைப் பிள்ளை அவளே. இருபது ஆண்டுகளாக மனத்திலே கிடந்ததை அன்று சொல்லிவிட்டேன். அவள் சற்றும் வியக்கவில்லை. "எனக்குத் தெரியும் சேர். நான் அழுதுகொண்டு போய்ச் சொல்ல, 'அவருக்கு வேலை நிரந்தரமில்லைப் பிள்ளை, அந்த மனிசன் என்ன செய்யும்' எண்டு அப்பா அண்டைக்கே சொன்னவர்" என்றாள்.

ஒருநாளும் நிரந்தர வேலை கண்டறியாத அந்தக் கூலித் தொழிலாளி, என் நிலையை என்னைவிட நன்கு அறிந்திருந்தார். மன்னித்தும் விட்டார். ஆனால் அம்மன்னிப்பு அப்பிள்ளைக்கு உரிய பரிசுப் புத்தகத்தைத் திருப்பித் தராது. ஆசிரியனுக்குப் பதவிக் காப்புக் கேட்கும் நாம் அதனை நம் பொருட்டுக் கேட்கின்றோம் என்று நினைத்தல் தவறு. மூன்றாம் வரிசையிலிருந்து கைதட்டும் பிள்ளையின் பொருட்டே அதனைக் கேட்கின்றோம். கிடைத்தபின் கொப்பியை மூடிவைத்திருக்கும் பின்வாங்குப் பையனுக்கு அதன் கடனைச் செலுத்தவேண்டியவர்களும் நாமே.

நிறைகோலின் பெருமையைக் கற்பித்த ஆசான்களை எனக்கு ஈந்த கல்லூரி அன்னை நீடு வாழ்க. அவள் மடியிலே இனிக் கற்பிக்க வரும் இளம் ஆசிரியர்கள் நடுங்காத கையும் உறங்காத கண்ணும் உடையராய் விளங்குக.